மோப்ப நாய் ஏன் பாதி வழியில் நிற்கிறது? உங்க வீட்டு நாய்க்கும் இதைப் பழக்க முடியுமா?

கொலை, கொள்ளைச் செய்தி எதை எடுத்தாலும் கடைசியில் ஒரு வரி இருக்கும்: மோப்ப நாய் சிறிது தூரம் ஓடி நின்றது, யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை. படிக்கிறவங்களுக்கு நாய் தோத்துப்போன மாதிரி தோணும். ஆனால் அது நின்ற இடமே ஒரு தகவல்தான். அது என்ன? செஞ்சி பக்கம் தொண்டூர் மாதிரி ஊர்ல வளரும் நாய்க்கும் இந்தத் திறமை வருமா? பார்க்கலாம்.

நாய் எதை முகர்கிறது?

மனித மூக்கில் வாசனை உணரும் செல்கள் சுமார் 50 லட்சம். நாய்க்கு இனத்தைப் பொறுத்து 10 கோடி முதல் 30 கோடி வரை. நாம் நடக்கும்போது கண்ணுக்குத் தெரியாத தோல் செதில்கள் உதிர்ந்துகொண்டே இருக்கும். மிதிபட்ட புல்லுக்கும் கிளறிய மண்ணுக்கும் தனி வாசனை உண்டு. இரண்டும் சேர்ந்ததுதான் ‘தடம்’.

அப்புறம் ஏன் நிற்கிறது?

தேடப்படுபவர் பைக்கிலோ பஸ்ஸிலோ ஏறினால், தரையில் இருக்கும் தடம் அங்கேயே அறுந்துவிடும். நாய் சாலையோரம் நின்றால், போலீஸ் அந்த இடத்து சிசிடிவியைத் தேடுவது அதனால்தான். கடும் வெயில், மழை, வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தின் காலடி ஆகியவையும் தடத்தைக் கெடுக்கும்.

நீதிமன்றம் இதை ஏற்குமா?

விசாரணைக்கு வழிகாட்ட மட்டும்தான். மோப்ப நாய் சாட்சியம் பற்றி உச்ச நீதிமன்றம் 1969-லேயே விவாதித்தது. நாயைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது, ஒருவரின் உயிரும் சுதந்திரமும் நாயின் ஊகத்தை நம்பி இருக்கக்கூடாது என்பவை இதற்கு எதிரான முக்கிய வாதங்கள். 2001-ல் ஒரு ஆந்திர வழக்கிலும், நாயோ அதை நடத்துபவரோ தவறு செய்யும் வாய்ப்பு உண்டு என்று நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. ஊரில் ‘நாய் அவன் வீட்டு வாசல்ல நின்னுச்சு’ என்ற பேச்சை வைத்து ஒருவரைக் குற்றவாளி ஆக்குவது தப்பு.

உயிரைக் காப்பாற்றிய மூக்கு

2023 பிப்ரவரியில் துருக்கி நிலநடுக்கத்தின்போது, இந்தியாவின் தேசிய பேரிடர் மீட்புப் படை நாய்களான ஜூலியும் ரோமியோவும் இடிபாடுகளுக்குள் 6 வயதுச் சிறுமி உயிரோடு இருப்பதைக் காட்டிக்கொடுத்தன. 2024 ஜூலை வயநாடு நிலச்சரிவில், மண்ணுக்குள் புதைந்த உடல்களைத் தேட கேரள போலீஸின் மாயா, மர்ஃபி நாய்கள் இறக்கப்பட்டன. இந்த நாய்கள் தரைத் தடத்தைத் தொடர்வதில்லை. காற்றிலும் இடுக்குகளிலும் வரும் வாசனையைத் தேடுபவை. பயிற்சியே வேறு.

நாட்டு நாய்க்கு வருமா?

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகியவை பார்வையால் துரத்தும் வேட்டை இனங்கள். ஓடுவதைக் கண்டால் தலையைத் தூக்கிப் பாய்வது அவற்றின் சுபாவம். அதனால் தலையைக் குனிந்து மோப்பம் பிடிக்கப் பழக்க பொறுமை வேண்டும். மூக்கு எல்லா நாய்க்கும் உண்டு. தெரு நாய்க்கும் பழக்கலாம்.

எப்படி ஆரம்பிப்பது?

• விடியற்காலையில், யாரும் நடக்காத புல் தரையையோ அறுவடை முடிந்த கடலைக்காட்டையோ தேர்ந்தெடுங்க. ஈரத் தரையில் வாசனை தங்கும்.
• காலை அழுத்தி வைத்து 15 அடி நேராக நடங்க. ஒவ்வொரு காலடியிலும் வேகவைத்த கறித் துண்டு ஒன்று. முடிவில் உங்க பழைய துண்டு, அதன் மேல் நிறையத் தீனி.
• கழுத்துப் பட்டை வேண்டாம். மார்புப் பட்டையில் நீளமான கயிறு கட்டுங்க. நாய் முன்னால், நீங்க பின்னால்.
• இழுக்காதீங்க, திட்டாதீங்க. தடம் தவறினால் அமைதியாக நில்லுங்க. அதுவே தேடித் திரும்பும்.
• நன்றாகப் பழகிய பிறகு தூரத்தைக் கூட்டுங்க, தீனியைக் குறைங்க. அப்புறம் ஒரு வளைவு. அதற்கும் பிறகு, தடம் போட்டு அரை மணி நேரம் கழித்து நாயை விடுங்க.
• ஒரு தடவைக்கு 10 நிமிடம் போதும்.

எதில் கவனம் வேண்டும்?

வெறிநாய்க்கடி தடுப்பூசி கட்டாயம். தரை சுடும் நேரத்தில் வேண்டவே வேண்டாம். பாறை இடுக்கில் பாம்பு இருக்கலாம். காட்டுப்பன்றிக்கு வைக்கும் நாட்டு வெடியும் மின்வேலியும் இன்னும் பெரிய ஆபத்து. அதனால் நிலத்துக்காரரிடம் கேட்காமல் இறங்காதீங்க. பழகிய நாயை முயல் வேட்டைக்கு விட்டால், 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வழக்கு வரும்.

வீட்டில் யாராவது காணாமல் போனால்?

முதலில் 112. குழந்தை என்றால் 1098-க்கும் சொல்லுங்க. அரைகுறையாகப் பழகிய சொந்த நாயை இறக்கித் தடத்தைக் கலைக்காதீங்க. கடைசியாக அவரைப் பார்த்த இடத்தில் கூட்டம் சேர விடாதீங்க. அவர் போட்டிருந்த துவைக்காத சட்டையைக் கையால் தொடாமல், சுத்தமான கவரில் எடுத்து வைத்து போலீஸிடம் கொடுங்க. மோப்ப நாய் வரும்போது அதுதான் பெரிய உதவி.