குருத்தில் கை வைக்காதீர்கள்

யாழ்ப்பாணத்துச் சந்தைக்கு முளைக்கீரை வேரோடுதான் வரும். பிடுங்கிய பாத்தியில் மறுபடியும் விதை தூவினால் நான்கைந்து வாரங்களில் அடுத்த கீரை தயாராகிவிடும். வெயில் நம்மை அப்படிப் பழக்கிவிட்டது. குளிர்தேசத்துத் தோட்டத்தில் அந்தப் பழக்கம் கூடாதென்பதை நான் பிழை செய்தே கற்றுக்கொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பரில் லண்டனில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தேன். பின்வளவில் ஒரு வரிசை கேல் கீரை நின்றது. வறைக்கு உதவுமென்று அதிகாலையிலேயே இறங்கி, உறைபனியில் விறைத்திருந்த நான்கு செடிகளில் இளங்குருத்துகளாகப் பார்த்துக் கிள்ளி வந்தேன். எண்பது வயது மாமி பார்த்துத் திகைத்துப் போனார். “என்ன தம்பி, குருத்தையெல்லோ கிள்ளிப்போட்டியள்! இனி மாசி மட்டும் இது தழைக்காது.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. லண்டனில் டிசம்பர் பிற்பகுதியில் பகற்பொழுது எட்டு மணித்தியாலத்துக்கும் குறைவு. பகல் பத்து மணித்தியாலத்துக்குக் கீழே இறங்கினால் கீரைகளின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். அங்கே ஒக்டோபர் இறுதியிலிருந்து பெப்ரவரி நடுப்பகுதிவரை இந்நிலைதான். பறித்த இலைக்குப் பதில் இலை உடனே வராது. ஆகவே குளிர்காலப் பாத்தியைக் களஞ்சியம்போலக் கருதி, அளந்தே எடுக்க வேண்டும்.

முறை எளியது. கேலில் அடியிலுள்ள முதிர்ந்த இலைகளை ஒவ்வொன்றாகத் தண்டோடு ஒட்டக் கீழ்நோக்கி வளைத்து ஒடிக்க வேண்டும். நடுக்குருத்தையும் அதைச் சூழ்ந்த இலைகளையும் தொடக்கூடாது. ஒரே செடியில் மூன்றிலொரு பங்குக்கு மேல் எடுக்காமல், பல செடிகளில் சிறிது சிறிதாகப் பறிப்பது நன்று. உறைந்த இலையைக் கையாண்டால் அது நசுங்கிக் கெட்டுவிடும். வெயில் ஏறி இலை நெகிழும்வரை பொறுக்க வேண்டும். பொறுமைக்குப் பலனும் உண்டு. குளிர்பட்ட கேல் தன் மாப்பொருளில் ஒரு பகுதியைச் சர்க்கரையாக்கிக்கொள்வதால் பனிக்குப் பின் அதன் சுவை கூடும்.

கடையில் ஒரு பை கீரை மலிவாகக் கிடைக்கும்போது இதற்கேன் இத்தனை பாடு என்று சிலர் கேட்கலாம். நானும் அன்று அப்படித்தான் எண்ணினேன். ஆனால் மொழி தெரியாத ஊரில், பகலெல்லாம் தனித்திருக்கும் முதியவருக்கு மேலங்கியை மாட்டிக்கொண்டு வெளியே இறங்க அந்தப் பாத்திதான் காரணம். ஒரே நாளில் அதை மொட்டையடித்துவிட்டால் மாசிவரை அவர் எதைப் பார்க்க இறங்குவார்?

பெற்றோரை அழைத்து வைத்திருக்கும் பிள்ளைகள் கீரை பறிக்குமுன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.