செத்தவனுக்கு யார் சாட்சி?

வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் ராவும் பகலும் ஷிப்ட் பஸ் ஓடுகிறது. சேரப்பணஞ்சேரி, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று நம் சேரிப் பிள்ளைகள் ஒப்பந்தக் கூலிகளாகக் கம்பெனிக்குள் போகிறார்கள். சம்பளம் கைக்கு வருவதில்லை, கணக்கில் ஏறுகிறது. ஆள் செத்துப்போனால் பணம் மட்டும் உள்ளே கிடக்கிறது.

கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் நான். சேரப்பணஞ்சேரிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். புருசன் செத்து நாலு மாசம். கணக்கில் 38,000 ரூபாய். நாமினி போடவில்லை. ‘உங்க குடும்பத்தத் தெரிஞ்ச பெரிய மனுசன் யாராச்சும் இருந்தா கையெழுத்து வாங்கிட்டு வாங்கம்மா’ என்றேன். மறுவாரம் கையெழுத்தோடு வந்தார். ‘அந்தத் தெருவுக்குப் போயி நிக்கக் கூடாதுன்னுதான் சார் எம் புருசன் கம்பெனி வேலைக்குப் போனாரு. நீங்க சொன்னீங்கன்னு வாசல்ல நின்னு வாங்கியாந்தேன்.’

‘பெரிய மனுசன்’ என்று எந்தப் படிவத்திலும் இல்லை. அது என் வாயிலிருந்து வந்தது. கவிதையில் சாதியை எரிக்கிற நான்தான் கவுண்டரில் அதற்கு முத்திரை குத்தினேன்.

சட்டம் என்ன சொல்கிறது? நாமினி இருந்தால் கோர்ட் சான்றோ ஜாமீன் பத்திரமோ கேட்காமல் 15 நாளில் பணம் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2005இலேயே சொல்லிவிட்டது. 2026 மார்ச் 31க்குள் அமலாக்கக் கெடு வைத்து 2025 செப்டம்பரில் வந்த நெறிமுறை இன்னும் மேலே போகிறது. நாமினி இல்லாவிட்டாலும், தகராறு இல்லையென்றால், 15 லட்சம் வரை (கூட்டுறவு வங்கியில் 5 லட்சம்) கோர்ட்டுக்கு விரட்டக் கூடாது. தாசில்தார் தரும் வாரிசுச் சான்று போதும். அதுவும் இல்லையா, குடும்பத்தை நன்கு அறிந்த, குடும்பத்தைச் சேராத, வங்கிக்கு ஏற்புடைய ஒருவரின் உறுதிமொழி போதும்.

‘வங்கிக்கு ஏற்புடைய.’ இந்த ரெண்டு வார்த்தைக்குள்தான் ஊர் வந்து சம்மணம் போட்டு உட்காருகிறது. யார் ஏற்புடையவர்? நிலமும் காரும் வைத்திருப்பவர்தானா? சேரியின் அங்கன்வாடி ஊழியர் ஏன் கூடாது? தொழிற்சங்கத் தோழர்? முதல் பட்டதாரியாய் நிற்கும் நீங்கள்? கூடாதென்று எந்த விதியிலும் எழுதவில்லை. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

இன்னும் சில விசயங்கள். செத்தவரின் ஏடிஎம் கார்டில் பணம் எடுக்காதீர்கள். நாளைக்கு அதுவே திருட்டுப் பட்டமாகும். கல்யாணத்துக்கு முன்னால் அண்ணனை நாமினி போட்டிருந்தாலும் பொண்டாட்டி பிள்ளைகளின் பங்கு போய்விடாது. நாமினி பணத்தை வாங்குபவர், உரிமையாளர் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2010இல் சொல்லியிருக்கிறது. பாஸ்புக்கில் 436 ரூபாய், 20 ரூபாய் பிடித்திருக்கிறதா பாருங்கள். 436 என்றால் எந்தச் சாவுக்கும், 20 என்றால் விபத்துச் சாவுக்கும் 2 லட்சம் காப்பீடு. கேட்காதவருக்கு யாரும் கூப்பிட்டுக் கொடுப்பதில்லை.

10 வருசம் கேட்பாரற்ற பணம் ரிசர்வ் வங்கி நிதிக்குப் போகிறது. 2023 பிப்ரவரி வரை பொதுத்துறை வங்கிகள் ஒப்படைத்தது சுமார் 35,000 கோடி. அங்கே போன பிறகும் உரியவர் கேட்டால் தந்தாக வேண்டும்.

தோழர்களே, சேரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காருங்கள். வீடு வீடாக பாஸ்புக்கை வாங்கிப் பார்த்து, நாமினி இல்லாதவர்களுக்குப் படிவம் எழுதுங்கள். சாவு விழுந்த வீட்டுக்கு மாலையோடு பேனாவையும் எடுத்துப் போங்கள். நம் சனம் ஒரு கையெழுத்துக்காக இனி எந்த வாசலிலும் நிற்க வேண்டாம். நம் சாவுக்கு நாமே சாட்சி.