எச்.ஐ.வி.: நோயாளியின் ரகசியமும் துணையின் பாதுகாப்பும் – எங்கள் நிலைப்பாடு

ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்று உறுதியாகிறது. வாழ்க்கைத் துணையிடம் சொல்ல அவர் மறுக்கிறார். அப்போது மருத்துவர் சொல்லலாமா? குமரி மாவட்டத்தில் தொற்றாளர்களோடும் அவர்களின் குடும்பங்களோடும் பணிபுரியும் எங்கள் அமைப்பிடம் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. எங்கள் பதில் இது: சொல்லலாம். ஆனால் மருத்துவரோ ஆலோசகரோ மட்டுமே சொல்ல வேண்டும். துணையிடம் மட்டுமே சொல்ல வேண்டும். நோயாளியைச் சொல்லவைக்கும் முயற்சிகள் எல்லாம் முடிந்த பிறகே சொல்ல வேண்டும். சொல்வதால் நோயாளிக்கோ குழந்தைகளுக்கோ ஆபத்து நேரும் என்ற நியாயமான அச்சம் இருந்தால் சொல்லவே கூடாது.

சட்டம் சொல்வது

இந்தக் கேள்வியை இந்திய நீதிமன்றத்தின் முன் கொண்டுவந்த வழக்கின் பின்னணி தமிழ்நாட்டில்தான் தொடங்கியது. 1995இல் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நோயாளி ஒருவருக்காக ரத்தம் கொடுத்தவருக்குத் தொற்று இருப்பது தெரிந்தது. செய்தி வெளியே போனது. நிச்சயித்த திருமணம் நின்றது. சொந்த ஊரிலும் அவரால் இருக்க முடியவில்லை. மணப்பெண்ணின் உயிர் வாழும் உரிமையே மேலானது என்று 1998இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதோடு நிற்காமல், தொற்றாளரின் திருமண உரிமை நிறுத்திவைக்கப்பட்ட உரிமை என்றும் சொன்னது. அந்தக் கருத்துகள் தேவையற்றவை என்று 2002இல் அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆனால் துணைக்கு எப்படிச் சொல்வது, யார் சொல்வது என்பதற்கு அதன் பிறகும் நெடுங்காலம் சட்டத்தில் தெளிவான வழிமுறை இல்லை.

எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம் 2017இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 9ஆம் பிரிவு நான்கு நிபந்தனைகளை விதிக்கிறது. துணைக்குத் தொற்றும் அபாயம் கணிசமாக இருப்பதாக நம்பக் காரணம் வேண்டும். துணையிடம் சொல்லும்படி நோயாளிக்கு ஆலோசனை தந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் அவர் சொல்லமாட்டார் என்பது உறுதியாக வேண்டும். தாம் சொல்லப்போவதை நோயாளியிடம் முன்கூட்டியே தெரிவித்திருக்க வேண்டும். இவை நிறைவேறினாலும், துணையை நேரில் சந்தித்து, ஆலோசனை வழங்கித்தான் சொல்ல வேண்டும். நோயாளி பெண்ணாக இருந்து, வன்முறை, கைவிடப்படுதல் போன்றவை நேரும் என்ற நியாயமான அச்சம் இருந்தால், அவருடைய துணையிடம் சொல்லக் கூடாது. இந்த வழிமுறையை நாங்கள் முழுமையாக ஆதரிக்கிறோம்.

ரகசியம் ஏன் முதலில்

ரகசியம் காப்பது துணையைக் கைவிடுவதாகும் என்று சிலர் வாதிடுகிறார்கள். எங்கள் அனுபவம் வேறு. பெயர் வெளியே வரும் என்று பயந்தால், எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் நம்பிக்கை மையத்தின் படியை யாரும் ஏறமாட்டார்கள். பரிசோதனைக்கே வராதவரின் துணையை எந்தச் சட்டத்தாலும் காப்பாற்ற முடியாது.

அந்தப் பயம் எவ்வளவு ஆழமானது என்பதை மருந்துப் புட்டியிலேயே பார்க்கலாம். பேருந்தில் குலுங்கி ஓசை வரும் என்று மாத்திரைகளை மருந்து தரும் மையத்தின் வாசலிலேயே பிளாஸ்டிக் உறையில் கொட்டிக்கொள்கிறார்கள். புட்டியின் ஒட்டுத்தாளைக் கிழித்தெறிகிறார்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையில் மருந்து வாங்கினால் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று வேறு மாவட்டத்துக்குப் போகிறவர்களும் உண்டு.

துணையைக் காப்பதில் மருந்துக்கு உள்ள பங்கும் பெரிது. சென்னையும் புனேயும் பங்கேற்ற பன்னாட்டு ஆய்வு ஒன்றின் முடிவு 2011இல் வந்தது. எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை உடனே தொடங்கியவர்களிடமிருந்து துணைக்குத் தொற்று பரவுவது 96 சதவீதம் குறைந்தது. ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால் உடலுறவு வழியாகப் பரவாது என்பது இன்று உறுதியான மருத்துவ உண்மை. ரகசியத்தை நம்பி வந்து மருந்தைத் தொடர்கிறவர் தம் துணையையும் காக்கிறார்.

நம் மாவட்டத்தின் நிலை

கர்ப்பிணிகள் அனைவருக்கும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யப்படுவதால், பல வீடுகளில் தொற்று முதலில் தெரியவருவது மனைவிக்குத்தான். தொற்று கணவரிடமிருந்து வந்திருக்கலாம்; முதலில் தெரிந்தவள் என்பதாலேயே பழி அவள் தலையில் விழுகிறது. கைப்பிள்ளையோடு தாய் வீட்டுக்கு அனுப்பப்படுகிறாள். இத்தகைய பெண்ணின் கணவருக்குச் செய்தி சொல்லும் முன், அவள் எங்கே தங்குவாள், யார் துணை நிற்பார்கள் என்பதற்கு விடை இருக்க வேண்டும். பெரும்பாலும் கணவனையும் மனைவியையும் ஒன்றாக அழைத்துப் பரிசோதிப்பதே நல்ல வழி.

தூத்தூர், வள்ளவிளைப் பகுதி மீனவர்கள் ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். வளைகுடா செல்பவரின் கையில் 'மெடிக்கல் அன்ஃபிட்' என்ற ஒரு வரிதான் தரப்படுகிறது, ஆலோசனை கிடைப்பதில்லை. இவர்களிடம் தொற்று அதிகம் என்று நாங்கள் சொல்லவில்லை. சேவை இவர்களை எட்டவில்லை என்கிறோம்.

சொல்ல வேண்டியவரிடமே செய்தி சேராவிட்டால் என்ன ஆகும் என்பதை 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டத்துச் சாத்தூர் காட்டியது. அங்கே கர்ப்பிணி ஒருவருக்குத் தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. கொடையாளியின் ரத்தத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தொற்று தெரிந்திருந்தும் அது அவரை எட்டவில்லை என்று பின்னர் வெளிவந்தது. வேறொரு பரிசோதனையில் அறிந்ததும் மருத்துவமனைக்குத் தகவல் கொடுத்தவர் அவரேதான். அவர் யார் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது; சில நாட்களில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். தெரிய வேண்டியவருக்குத் தெரியாமலும் தெரியக் கூடாதவர்களுக்குத் தெரிந்தும் போன இரட்டைத் தவறு அது.

நாங்கள் ஏற்காதவை

1. மாமியார், பங்குத்தந்தை, ஊர்க்கமிட்டி, முதலாளி யாருக்கும் தகவல் தருவதை ஏற்கமாட்டோம். 'நல்லெண்ணம்' இதற்குச் சமாதானம் ஆகாது.

2. தேவாலயத்தில் திருமண ஓலை வாசிப்பதற்கோ நிச்சயதார்த்தத்துக்கோ எச்.ஐ.வி. சான்றிதழைக் கட்டாயமாக்குவதை எதிர்க்கிறோம். தொற்றிய முதல் வாரங்களில் பரிசோதனையில் தெரியாமல் போகலாம்; அந்தச் சான்றிதழ் பொய்யான நிம்மதியையே தரும். இருவரும் விரும்பி ஒன்றாகச் செய்துகொள்ளும் பரிசோதனையை வரவேற்கிறோம்.

3. தொலைபேசியிலோ கடிதத்திலோ துணைக்குச் செய்தி சொல்வதை ஏற்கமாட்டோம்.

நாங்கள் கோருபவை

1. ஒவ்வொரு நம்பிக்கை மையத்திலும் கதவடைத்துப் பேசத் தனி அறை வேண்டும். நடைபாதையில் பெயர் சொல்லி அழைப்பது நிற்க வேண்டும்.

2. 9ஆம் பிரிவின்படி எடுத்த ஒவ்வொரு முடிவும், சொல்லாமல் விட்ட முடிவும்கூட, காரணத்தோடு ரகசியக் கோப்பில் பதிவாக வேண்டும். தனியார் மருத்துவமனைகளுக்கும் இதில் பயிற்சி வேண்டும்.

3. கடலுக்குப் போகிறவர்களுக்குப் பல மாத மருந்தை ஒரே தடவையில் தர வேண்டும்; அவர்கள் கரையில் இருக்கும் நாட்களில் தம்பதி ஆலோசனை நடத்த வேண்டும்.

4. வெளியேற்றப்படும் பெண்களுக்குத் தங்குமிடமும் சட்ட உதவியும் வேண்டும். சட்டப்படியான குறைதீர்ப்பாளரை அணுகும் வழி ஒவ்வொரு மையத்திலும் தமிழில் எழுதி வைக்கப்பட வேண்டும்.

தொற்றுள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. துணையிடம் சொல்லும் முதல் உரிமை உங்களுடையது. அது பெரிய பொறுப்பும்கூட. தனியாகச் சொல்லத் தயக்கமாக இருந்தால் ஆலோசகரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் பெயர் சொல்லாமலே பேசலாம். நீங்கள் சொல்லும்வரை பொறுமையோடு உங்களுக்கு உதவுவது மருத்துவத் துறையின் கடமை. அந்தக் கடமையை அது சரிவரச் செய்தால், 9ஆம் பிரிவைப் பயன்படுத்தும் தேவை மிக அரிதாகவே எழும்.