தாத்தா காலத்து மேஜையை காயலான் கடைக்குப் போடப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ ஒரு பழைய வீடு ஃபிளாட் கட்டுவதற்காகக் கைமாறும்போது நகை, பத்திரம், பித்தளைப் பாத்திரம் எல்லாம் கணக்கில் வரும். மர மேஜையும் பிரம்பு நாற்காலியும் வராது. 'இடத்தை அடைக்குது, யாராவது எடுத்துட்டுப் போனா போதும்' என்று கேட்ட விலைக்குத் தள்ளிவிடுகிறோம். புது வீட்டுக்குப் போனதும் இஎம்ஐ-யில் பார்ட்டிகிள் போர்டு டேபிள் வாங்குகிறோம். அதாவது, மரத்தைக் கொடுத்துவிட்டு, பசை போட்டு அழுத்திய மரத்தூளை வாங்குகிறோம்.

1950, 60களில் செய்த மரச்சாமான்களுக்கு இன்று நல்ல மதிப்பு உண்டு. அது தெரியாமல் விற்பவர்தான் நஷ்டப்படுகிறார்.

சண்டிகரில் என்ன நடந்தது?

1950களில் சண்டிகர் நகரம் உருவானபோது, அரசு அலுவலகங்களுக்காகத் தேக்கிலும் பிரம்பிலும் நாற்காலிகள் செய்யப்பட்டன. வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் பியர் ஜான்னரே. பிற்காலத்தில் அவை உடைசல் என்று ஏலத்தில் போயின. அதே நாற்காலிகள் வெளிநாட்டு ஏலங்களில் லட்சக்கணக்கில் விலைபோனதும்தான் நமக்கு விழிப்பு வந்தது. 2011-ல் மத்திய உள்துறை அமைச்சகம் அவற்றை விற்கவும் வெளிநாட்டுக்கு அனுப்பவும் தடை போட்டது.

நம்ம வீட்டு நாற்காலி அந்த விலைக்குப் போகாது. ஆனால் அங்கே நடந்த தவறு இங்கேயும் நடக்கிறது. என்ன வைத்திருக்கிறோம் என்று பார்க்காமலே விற்கிறோம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

மேல்பக்கத்தைப் பார்க்காதீங்க. பாலிஷ் எதையும் மறைக்கும். டிராயரை வெளியே இழுத்து, அடிப்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பாருங்க.

* மேல்பலகையில் ஓடும் ரேகை விளிம்பிலும் தொடர்ந்தால் அது பெரும்பாலும் முழு மரம். விளிம்பில் தனிப் பட்டை ஒட்டியிருந்தால் சந்தேகப்படுங்க.
* டிராயரின் மூலையில் புறா வால் மாதிரி விரிந்த பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருந்தால், அதிலும் பற்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால், அது கைவேலை.
* ஸ்க்ரூ தலையில் ஒற்றைக் கோடு இருந்தால் பழசாக இருக்க வாய்ப்பு அதிகம். ஸ்டார் ஸ்க்ரூ என்றால் பின்னாளில் செய்ததாகவோ, ரிப்பேர் பார்த்ததாகவோ இருக்கலாம்.
* சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தால் கீழே வெள்ளைப் பேப்பர் விரித்து சில நாள் விடுங்க. புதுசாகத் தூள் கொட்டினால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது.

'பர்மா தேக்கு' என்றால் நம்பலாமா?

ஒரு காலத்தில் ரங்கூனிலிருந்து கப்பலில் தேக்கு வந்து இறங்கிய ஊர் இது. அதனால் பழைய மரம் எதைக் காட்டினாலும் 'அசல் பர்மா' என்பார்கள். பர்மா தேக்கும் நிலம்பூர் தேக்கும் ஒரே இனம்தான். வெறும் கண்ணால் பார்த்து ஊரைச் சொல்வது நம்பகமான வழி இல்லை. மரத்தின் தரத்துக்கும் வேலைப்பாட்டுக்கும் காசு கொடுங்க. ஊர்ப் பெயருக்குத் தனியாகக் கொடுக்காதீங்க.

சரிசெய்யும்போது என்ன கவனிக்கணும்?

முதல் வேலையாக மெஷின் வைத்துத் தேய்க்கச் சொல்லாதீங்க. பல வருஷ வெயிலிலும் கைபட்டும் வந்த நிறம் ஒருமுறை போனால் போனதுதான். தெரியாத ஓர் இடத்தில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்துப் பாருங்க. பூச்சு இளகினால் அது அரக்குப் பாலிஷ். பல நேரம், அழுக்கைத் துடைத்து அதன்மேலேயே புது அரக்குப் பாலிஷ் ஏற்றினால் போதும்.

கடலோரக் காற்றில் ஈரமும் உப்பும் அதிகம். இரும்பு ஆணி துருப்பிடித்து மரத்தைப் பிளக்கும், அதை மாற்றியே ஆகணும். ஆனால் மழைக்காலத்தில் டிராயர் இறுகினால் உடனே இழைக்கக் கூடாது. வெயில் காலத்தில் மரம் சுருங்கி, டிராயர் தொளதொளன்னு ஆகிவிடும். அதுவரை ஓரத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துச் சமாளிக்கலாம்.

பெயின்ட் அடித்த பழைய சாமான் என்றால் இன்னும் எச்சரிக்கை தேவை. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட்டை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் ஈயத் தூசி பறக்கலாம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைச் செய்யவே வேண்டாம்.

சட்டம் காப்பாற்றுமா?

காப்பாற்றாது. 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டத்தின்படி பொதுவாக 100 வருஷம் ஆன பொருளுக்குத்தான் பாதுகாப்பு. 1955-ல் செய்த மேஜை அதற்குள் வராது. 1856-ல் ரயில் நிலையம் வந்த ராயபுரம், துறைமுகம், எண்ணூரின் ஆலைகள் என நூறு வருஷத்துக்கும் மேலாக உழைத்த பகுதி இது. இங்குள்ள அரசு அலுவலகங்களும் பொது நிறுவனங்களும் பழைய மரச்சாமான்களை மொத்தமாக ஏலம் விடும் முன், போட்டோவுடன் ஒரு பட்டியலாவது போட வேண்டும். அதற்குப் பெரிய செலவு ஆகாது.

வீட்டில் நாம் செய்ய வேண்டியதும் பெரிய விஷயமில்லை. விலை பேசும் முன், வாங்க வருபவரோடு தொடர்பில்லாத ஒரு தச்சரைக் கூப்பிட்டுக் காட்டுங்க. இரண்டு கடையில் விலை கேளுங்க. அப்புறமும் விற்கணும்னு தோணினா விற்கலாம், தப்பே இல்லை. என்ன விற்கிறோம் என்பது தெரிந்து விற்றால் சரி.