எதுக்குங்க?

கோயமுத்தூர்ச் சீமையில் ஒருவனை வெளியே அனுப்புவதற்குக்கூட மரியாதை உண்டு. "போயிட்டு வாங்க" என்பார்கள். அந்த மரியாதையில் வளர்ந்தவன் நான். அதைக் குறை சொல்ல எனக்கு நா எழாது. ஆயினும் அந்த மரியாதைச் சொற்களுள் ஒன்றின் மீது எனக்குத் தீராத விரோதம் உண்டாகியிருக்கிறது. "எதுக்குங்க?" என்பதே அந்தச் சொல்.

விரோதம் உண்டான கதையைச் சொல்லிவிடுகிறேன். நொய்யலிலிருந்து எங்கள் ஊர்க் குளத்துக்கு ஒரு வாய்க்கால் வந்துகொண்டிருந்தது. சிறு வயதில் அதில் கால் நனைத்திருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் ஊருக்குப் போனபோது வாய்க்காலைக் காணோம். அது இருந்த இடத்தில் மண்ணைக் கொட்டி, கல் நட்டு, வர்ணம் பூசி, மனைப்பிரிவு போட்டிருந்தார்கள். கிராமத்துப் புலப்படத்தை இப்போது யாரும் கணினியிலேயே பார்க்கலாம். பார்த்தேன். படத்தில் வாய்க்கால் புறம்போக்கு பத்திரமாக இருந்தது. அதை மூட அனுமதி தந்தவர் யார் என்பது மட்டும் கணினியில் இல்லை. அப்படி ஒரு கோப்பு இருந்தால், அது ஏதோ ஒரு காரியாலயத்தின் பீரோவில்தான் இருக்க வேண்டும்.

போனேன். உத்தியோகஸ்தர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். கோப்பின் நகல் வேண்டும் என்றேன்.

"எதுக்குங்க ஐயா?"

"குளத்துக்குத் தண்ணீர் வரவில்லை, அதற்காக" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வரவில்லை. அவர் வாங்கிக் கொடுத்த டீ கையில் இருந்தது. "நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன்" என்று உளறி வைத்தேன்.

அவர் முகம் மலர்ந்தது. "கதைக்குத்தானுங்களா? அப்ப நம்பரு, தேதியெல்லாம் நீங்களே ஒண்ணு போட்டுக்கங்க. யாரு பாக்கப் போறாங்க!"

வாசகர்கள் சிரிக்கலாம். நானும் பஸ் ஏறும்வரை சிரித்தேன். பிறகுதான் உறைத்தது. என் பாட்டன் தூர் வாரிய குளத்தின் கணக்கைக் கேட்க எனக்கு ஒரு பொய் தேவைப்பட்டது!

அந்தக் கேள்விக்கு நான் பதிலே சொல்லியிருக்க வேண்டியதில்லை. 2005ஆம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, 2ஆம் உட்பிரிவு, கேட்பவன் காரணம் சொல்லத் தேவையில்லை என்று தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. 2014 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் அமர்வு ஒன்றே, காரணம் சொல்லத்தான் வேண்டும் என்கிற மாதிரி ஒரு தீர்ப்பில் எழுதிவிட்டு, சில நாட்களுக்குள் அந்தப் பகுதியைத் தானே திரும்பப் பெற்றுக்கொண்டது. நீதிமன்றம் திருத்திக்கொண்டது. நாம்தான் இன்னும் திருந்தவில்லை.

இது பழைய வியாதி. எங்கள் பக்கத்தில் கணக்குப்பிள்ளை வீட்டுப் பெட்டியில் ஊரே பூட்டிக் கிடந்த காலம் உண்டு. 1980இல் அந்தப் பரம்பரை உத்தியோகம் ஒழிந்தது. கிராம நிர்வாக அலுவலர் வந்தார். சாவி கை மாறியது. சாவிக்காரர் முன்னால் தோளிலிருந்து துண்டை எடுக்கும் பழக்கம் மாறவில்லை.

இந்தியாவிலேயே முதன் முதலில் இப்படி ஒரு சட்டம் போட்ட ராஜ்யம் தமிழ்நாடு, வருஷம் 1997. பெருமைப்படலாம். ஆனால் அதில் கதவைவிடத் தாழ்ப்பாள்கள் அதிகம். உருப்படியான சட்டத்துக்கு வழி போட்டவர்கள் ராஜஸ்தானத்தில் மண் சுமந்த கூலிக்காரர்கள். வேலை செய்தவர் பெயர்ப்பட்டியலையும் செலவுச் சீட்டையும் காட்டு என்று 1994இல் ஊர் கூடிக் கேட்டார்கள். 1996இல் பியாவர் நகரில் நாற்பது நாள் தெருவில் உட்கார்ந்தார்கள். அந்த வெயிலின் பலன் நமக்குத் தபாலில் வந்து சேர்ந்தது. வெயிலில் உட்காராதவனுக்கு நிழலின் அருமை எப்படித் தெரியும்?

கேட்கும் முறையோ மிக எளிது. வெள்ளைத்தாளில் தமிழிலேயே எழுதலாம். 'பொதுத் தகவல் அலுவலர்' என்று விலாசமிட்டு, 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தபாலில் சேர்த்தால் போதும். வேறு ஆபீசுக்குரிய விஷயமானால் 5 நாளில் அவர்களே அங்கே அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அது மறுப்பு. அடுத்த 30 நாளுக்குள் அதே துறையில் மேல்முறையீடு. அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். நியாயமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், 25,000 வரை அபராதம் போட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

ஒரே ஒரு சூட்சுமம். 'ஏன் செய்யவில்லை?' என்று கேட்காதீர்கள். ஆபீசில் இருக்கும் தாளைத்தான் தர வேண்டும். இல்லாத வியாக்கியானத்தை எழுதித் தர வேண்டியதில்லை என்று 2011இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே கோபத்தை எழுதாதீர்கள், கோப்பைக் கேளுங்கள். 'கோப்பு காணவில்லை' என்று பதில் வந்தால், 8ஆம் பிரிவின் விலக்குகளில் 'காணவில்லை' என்று ஒன்று கிடையாது என நினைவூட்டுங்கள்.

"இந்தச் சட்டத்தை வைத்து மிரட்டிப் பணம் பறிக்கிறார்களே!" என்று கேட்கும் கனவான்கள் உண்டு. பறிக்கிறார்கள்தான். மூடி வைத்த பண்டத்துக்குத்தான் கள்ளச் சந்தை. கேளாமலே வெளியிட வேண்டியவை இன்னவை என்று 4ஆம் பிரிவு பட்டியலிட்டிருக்கிறது. கணக்கைச் சுவரில் ஒட்டிவிட்டால் மிரட்டுகிறவன் எதை விற்பான்? ஆனால் காற்று எதிர்த்திசையில் அடிக்கிறது. 2023இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் தகவல் என்ற பெயரில் மறுக்க இடத்தை இன்னும் அகலப்படுத்திவிட்டது. பொதுநலன் பெரிதானால் தரலாம் என்கிற 8(2) மட்டும் மிச்சமிருக்கிறது.

குற்றம் சர்க்கார் மீது மட்டும்தானா? 2018இல் கோவை மாநகராட்சி, குடிநீர் விநியோகத்துக்காக சூயஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்தோடு 26 வருஷ ஒப்பந்தம் செய்துகொண்டது. திண்ணையிலும் பஸ்ஸிலும் நாம் அதைப் பற்றிப் பேசிய பேச்சு கொஞ்சமல்ல. அதில் ஒரு பக்கத்தையாவது கேட்டு வாங்கிப் படித்தவர் நம்மில் எத்தனை பேர்? தொடர்கதையில் கொலையாளி யார் என்று அறிய வாரந்தோறும் காத்திருக்கிறோம். நம் குளத்தைக் கொன்றவன் யார் என்று அறிய 10 ரூபாய் செலவழிக்கக் கூசுகிறோம். 'தெரிந்தவர்' ஒருவரைப் பிடித்து, அவர் சிபாரிசில், தயவாக வாங்கிக்கொண்டால் அது கௌரவம். உரிமையாகக் கேட்டால் வம்பு! தயவாக வாங்கியதைக் கொண்டு யாரையும் கேள்வி கேட்க முடியாது என்பதை மறந்துவிடுகிறோம்.

நானும் கடைசியில் வில்லை ஒட்டினேன். 30 நாள் மௌனம். மேல்முறையீடு செய்த பிறகு ஒரு வரிப் பதில் வந்தது: 'மேற்படி வாய்க்காலை மூட இவ்வலுவலகத்தால் அனுமதி ஏதும் வழங்கப்படவில்லை.' நான் எழுதிய எந்த நாவலிலும் இவ்வளவு கனமான ஒரு வரி கிடையாது. கிராம சபையில் அதை வாசித்தேன். கலெக்டருக்கு மனுப் போயிருக்கிறது. வாய்க்கால் இன்னும் வரவில்லை.

போன மாதம் மனைப்பிரிவுக்காரர், அந்தப் பதிலின் நகல் ஒன்று வேண்டும் என்று ஆள் அனுப்பினார். "எதுக்குங்க?" என்று கேட்க நாக்குத் துடித்தது. கேட்கவில்லை. கொடுத்தனுப்பினேன்.