மனை வாங்கும் முதல் தலைமுறை

திருச்சியிலிருந்து திண்டுக்கல் சாலையில் மணப்பாறை நோக்கிச் செல்வோர், வழியெங்கும் வண்ணக் கொடிகள் பறக்கும் மனைப் பிரிவுகளைக் காணத் தவறமாட்டார்கள். முறுக்குக்கும் மாட்டுச் சந்தைக்கும் பெயர்பெற்ற ஊர், இன்று மனை விளம்பரங்களிலும் இடம்பிடித்துவிட்டது. காரணம் இல்லாமல் இல்லை. மொண்டிப்பட்டியில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தின் இரண்டாவது ஆலை 2016 முதல் இயங்குகிறது. சிப்காட் தொழிற்பூங்கா வந்திருக்கிறது. 2025 மே மாதம் திருச்சி பஞ்சப்பூரில் ஒருங்கிணைந்த பேருந்து முனையம் திறக்கப்பட்டது. இவை ஒவ்வொன்றும் விற்பனை முகவரின் வாயில் ஒரு வாக்குறுதியாக மாறிவிடுகின்றன.

வாங்குவோரில் பலர், தம் குடும்பத்தில் முதன்முதலாக நிலத்தில் முதலீடு செய்பவர்கள். பணி ஓய்வுத் தொகை பெற்றவர்கள், வளைகுடா நாடுகளில் உழைத்துச் சேமித்தவர்கள், மகளின் திருமணத்துக்கென மாதத் தவணை கட்டுபவர்கள். நிலம் ஏமாற்றாது என்பது இவர்களின் நம்பிக்கை. நிலம் ஏமாற்றாதுதான், பத்திரம் ஏமாற்றும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 5 லட்சம் ரூபாய்க்கு ஒரு மனை என்று கொள்வோம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், தரகு 2 சதவீதம் எனில் 55,000 ரூபாய் கூடுதலாகச் செலவாகும். இந்த 5.55 லட்சத்தை 7 சதவீதக் கூட்டுவட்டியில் வைத்திருந்தால், ஐந்தாண்டுகளில் சுமார் 7.78 லட்சமாகியிருக்கும். ஆக, 5 லட்சம் ரூபாய் மனை ஐந்தாண்டுகளில் 55 சதவீதத்துக்கு மேல் விலை உயர்ந்தால்தான் வைப்புநிதிக்கு ஈடாகும். அந்த விலைக்கு ஆள் கிடைக்க வேண்டும் என்பது வேறு. மனைப் பிரிவில் பாதி மனைகள் காலியாக இருக்கும்போது, நம்முடைய மனையை வாங்க யார் வருவார்? நகரத்து வீட்டுக்கு வாடகையாவது வரும். ஊருக்கு வெளியே கிடக்கும் காலி மனைக்குச் சீமைக் கருவேலம்தான் வரும்.

அடுத்தது அங்கீகாரம். ஊராட்சித் தலைவரின் கையொப்பத்தையே அங்கீகாரம் என்று சொல்லி விற்ற காலம் ஒன்று இருந்தது. விளைநிலங்கள் கட்டுப்பாடின்றி மனைகளாவதை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில், 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குத் தடை விதித்தது. தமிழகமெங்கும் பத்திரப் பதிவு தேங்கியது. பின்னர் தடை தளர்த்தப்பட்டு, 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. அந்த நாளுக்குப் பிறகு உருவான மனைப் பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி இன்றி வேறு வழியில்லை. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டமெனில், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி ஆணையத்திலும் பதிவு செய்தாக வேண்டும். பதிவு பெற்ற ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கவும் அச்சட்டம் தடை செய்கிறது. இந்தப் பாதுகாப்பு தமக்கு உண்டு என்பதே பலருக்குத் தெரியவில்லை.

ஆனால், அங்கீகாரம் வேறு, உரிமை வேறு. விற்பவருக்கு நிலத்தில் உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது சார்பதிவாளரின் வேலையல்ல என்பதை 2025 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. பத்திரம் பதிவாகிவிட்டது என்பதாலேயே நிலம் நம்முடையதாகிவிடாது. தொலைவில் தேட வேண்டியதில்லை. திருவரங்கத்தில் அடிமனைச் சிக்கலால் தலைமுறைகளாக வசிப்போரே வீட்டை விற்க முடியாமல் தவிக்கிறார்கள். 2022-இல் திருச்செந்துறையில், வக்பு வாரியத்தின் தடையின்மைச் சான்று வேண்டும் என்று பதிவு மறுக்கப்பட்ட பிறகே ஊராருக்குச் சிக்கல் தெரிந்தது. இங்கு யார் பக்கம் நியாயம் என்பதல்ல என் கேள்வி. சார்பதிவாளர் அலுவலகத்துக்குத் தெரிந்த தடை, பணம் கொடுப்பவருக்கு ஏன் முன்கூட்டியே தெரியவில்லை? வில்லங்கச் சான்றையும் பட்டாவையும் இணையத்தில் பார்க்க வழி செய்த அரசு, கோயில், வக்பு நிலங்களின் புல எண்களையும் அதே திரையில் காட்டுவதற்கு என்ன தடை?

பணி ஓய்வு பெற்ற என் நண்பர் ஒருவர், மணப்பாறை அருகே ஒரு மனைக்கு முன்பணம் கொடுத்த பிறகு என்னை அழைத்தார். மூலப் பத்திரத்தின் நகல் இருந்தது. முப்பதாண்டு வில்லங்கச் சான்றும் பழுதில்லை. வழக்கறிஞரும் சரி என்றுவிட்டார். புலப்படத்தை எடுத்துக்கொண்டு நேரில் போனோம். படத்தில் ஓர் ஓடை இருந்தது. தரையில் அதே இடத்தில் முப்பதடிச் சாலை இருந்தது. நண்பர் பார்த்து வைத்திருந்த மனையின் ஒரு மூலை அந்த ஓடைக்குள் விழுந்தது. வறண்ட பூமியில் ஓடையை யாரும் கவனிப்பதில்லை, ஐப்பசி மழை வரும்வரை.

வேறு மனை மாற்றித் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டார். முன்பணமாகக் கொடுத்த 25,000 ரூபாய்க்கு அவரிடம் இருப்பது முத்திரையில்லாத ஒரு துண்டு ரசீது. நான்கு மாதங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.