அமர்ந்து பாடிய கலைஞர்

ஜெனிசிஸ் என்னும் இங்கிலாந்து ராக் இசைக்குழுவின் இறுதி நிகழ்ச்சி 2022 மார்ச் 26 அன்று லண்டனில் நடைபெற்றது. 1970இல் டிரம்ஸ் கலைஞராக அதில் சேர்ந்து, பின்னர் பாடகராகவும் விளங்கிய பில் காலின்ஸுக்கு அப்போது வயது 71. நரம்புப் பாதிப்பால் டிரம்ஸ் வாசிக்க இயலாத நிலையில், நாற்காலியில் அமர்ந்து பாடினார். டிரம்ஸ் வாசித்தவர் அவருடைய மகன் நிக். மேடையெங்கும் ஓடியாடிய காலின்ஸை அறிந்த நெடுநாள் இரசிகர்கள், அவர் அமர்ந்தே பாடுவார் எனத் தெரிந்தும் திரண்டு வந்தனர்.

சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோர் பலர், சக்கர நாற்காலியில் சென்றால் நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்று தயங்கித் திருமணங்களையும் திருவிழாக்களையும் தவிர்க்கின்றனர். குடும்பத்தாரும் சிரமம் கருதி அவர்களை வீட்டிலேயே விட்டுச் செல்கின்றனர். இது தேவையற்றது என்பதே நம் கருத்து. உறவினர் எதிர்பார்ப்பது நம் வருகையை, நடையை அன்று.

பராமரிப்போரும் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். அந்த மகன் தந்தையால் இயலாததை மட்டுமே ஏற்றார்; பாட்டைத் தந்தையிடமே விட்டார். இயன்றதை அவர்களிடமே விடுவோம். அடுத்த அழைப்பிதழ் வரும்போது, மண்டபத்தில் சாய்தளம் உண்டா என்று கேட்டறிந்து, உடன் அழைத்துச் செல்வோம்.